சிறு நகரத்துப் பழைய தியேட்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பழைய படம் எந்த வருஷம் வந்தது, யார் நடித்தார்கள், பாட்டு யார் எழுதியது என்று கேட்டால் சொல்வதற்குத் தமிழ்நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதே படம் நம் ஊரில் ஓடிய தியேட்டரை யார் கட்டினார்கள், எப்போது மூடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடத் தலையைச் சொறிவார்கள். படங்களின் வரலாறு எப்படியோ எழுதப்பட்டுவிட்டது. கட்டடங்களின் வரலாறும் அதற்குள் வேலை பார்த்தவர்களின் வரலாறும் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் தெரிந்த வரையிலான பதில்களும் இங்கே.

தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர் சென்னையிலா, கோவையிலா?

இரண்டு ஊர்க்காரர்களும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் 1913 வாக்கில் 'எலெக்ட்ரிக் தியேட்டர்' நடத்தினார். அந்தக் கட்டடம் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலைப் பிரிவாகப் பிழைத்துக் கிடந்தது. 1914-ல் ரகுபதி வெங்கையா 'கெயிட்டி'யைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அது. அதே 1914-ல் கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 'வெரைட்டி ஹால்' கட்டினார். பிற்காலத்தில் அது 'டிலைட்' ஆனது. தியேட்டரின் பழைய பெயர் வெரைட்டி ஹால் ரோடு என்று தெருவுக்கு ஒட்டிக்கொண்டது.

யாருக்கு முதலிடம் என்று பஞ்சாயத்து வைப்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சென்னை மாகாணத்தின் தலைநகரம். வெள்ளைக்காரர்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் நிறைந்த ஊர். அங்கே ஒரு தியேட்டர் வந்ததில் ஆச்சரியமில்லை. கோவை அன்றைக்கு அப்படியில்லை. அந்த ஊரில் நாள் தவறாமல் படம் பார்க்க ஆள் வரும் என்று நம்பி ஒருவர் செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்கினார் பாருங்கள், அதுதான் பெரிய காரியம்.

யார் இந்த சாமிக்கண்ணு வின்சென்ட்?

கோவைக்காரர். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளர் வேலை. 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடம்பு சரியில்லாமல் போக, ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தார். அவரிடமிருந்த புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப் படமும் அதில் ஒன்று. ரயில்வே வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பியவர், தமிழ்நாட்டோடு நிற்காமல் வடக்கே பெஷாவர் வரைக்கும், கிழக்கே பர்மாவுக்கும் போய்ப் படம் காட்டினார்.

ஊர் சுற்றி முடித்த பிறகுதான் வெரைட்டி ஹால். அதற்கப்புறமும் சும்மா இருக்கவில்லை. 1933-ல் கல்கத்தாவின் பயனியர் ஃபிலிம் கம்பெனியோடு சேர்ந்து, டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' படத்தைத் தயாரித்தார். படம் நன்றாக ஓடியது. நிலையான வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போனவர்களில் இவர்தான் நமக்கு மூத்தவர் என்று தோன்றுகிறது.

பேசாத படத்தை ஜனங்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்?

இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். "இதோ வருகிறான் பார் ராஜகுமாரன்" என்று அவர் குரல் கொடுக்க, ஆர்மோனியமும் தபலாவும் கூடச் சேரும். நல்ல கதை சொல்லி கிடைத்த கொட்டகையில் சுமாரான படமும் பிழைத்துக்கொள்ளும். 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியதும் இந்த ஆட்களுக்கு வேலை போய்விட்டது. அவர்களில் ஒருவர் பெயர்கூட இன்றைக்குச் சாதாரணமாக யாருக்கும் தெரியாது.

ஊரில் கரண்ட் இல்லாதபோது படம் எப்படி ஓடியது?

எண்ணெய் எஞ்சினும் டைனமோவும் வைத்து ஓட்டினார்கள். மௌனப் பட காலத்தில் இன்னும் எளிது. புரொஜெக்டரைக் கையால் சுற்றலாம், விளக்கு மட்டும் எரிந்தால் போதும். பேசும் படம் வந்ததும் அந்த வசதி போய்விட்டது. சுருளின் ஓரத்தில் ஒலி பதிந்திருக்கும். நொடிக்கு 24 படம் என்ற வேகம் பிசகினால் பாடகரின் குரல் இழுக்கும், அல்லது கீச்சிடும். ஆகவே மோட்டார் வேண்டும், ஆம்ப்ளிஃபயர் வேண்டும், இரண்டுக்கும் நிலையான மின்சாரம் வேண்டும்.

கோவைப் பக்கத்தில் தியேட்டர்கள் பெருகியதற்குப் பைக்காராவும் ஒரு காரணம். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து மில்களை ஓட்டியது. மில் தொழிலாளியின் கையில் வாரக்கூலி வந்தது. சாயங்காலம் அந்தக் காசு தியேட்டர் கவுண்டருக்கு வந்தது. உங்கள் ஊர் தியேட்டர் எந்த வருஷம் வந்தது என்று தேடும்போது, ஊருக்கு மின்சாரம் எந்த வருஷம் வந்தது என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். இரண்டும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

சில பழைய தியேட்டர்களில் திரைக்கு முன்னால் பெரிய மேடை இருக்கிறதே, எதற்கு?

நாடகத்துக்கு. பல கட்டடங்கள் முதலில் நாடகக் கொட்டகைகள்தான். திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஒப்பனை அறை, பக்கவாட்டில் கதவு, சில இடங்களில் காட்சித் திரையை ஏற்றி இறக்கும் உருளைகள்கூடத் தென்படும்.

டூரிங் டாக்கீஸுக்கும் நிரந்தரத் தியேட்டருக்கும் லைசென்ஸில் என்ன வித்தியாசம்?

தியேட்டருக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற ஏற்பாடு 1918-ம் வருஷத்து சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் தொடங்கியது. நம் மாநிலத்தில் பிறகு 1955-ல் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும், 1957-ல் அதற்கான விதிகளும் வந்தன. டூரிங் கொட்டகைக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்தான் அனுமதி. அது முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து வேறு இடத்துக்குப் போக வேண்டும், அல்லது இடைவெளி விட்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தரத் தியேட்டருக்குப் பக்கத்தில் டூரிங் கொட்டகை போடவும் முடியாது. சாயங்காலமும் ராத்திரியும் மட்டும் ஆட்டம் நடந்ததற்கு விதியைத் தேட வேண்டியதில்லை. கீற்று இடுக்கில் வெயில் வரும், பகலில் படம் தெரியாது.

பழைய ஆட்கள் 'சி ஃபார்ம்' என்று சொல்வது இந்த லைசென்ஸைத்தான். கலெக்டர் ஆபீஸ் வரை போய் அதைப் புதுப்பிப்பது ஒவ்வொரு முதலாளிக்கும் பெரும்பாடு.

தரை டிக்கெட் என்றால் உண்மையிலேயே தரையா?

ஆமாம். டூரிங் கொட்டகையில் மணல் தரை. முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்காருவார்கள்; பின்னால் இருப்பவரோடு சண்டை அங்கேதான் தொடங்கும். தரைக்குப் பின்னால் பெஞ்சு, அதற்குப் பின்னால் சேர். பெரிய தியேட்டரில் சோபாவும் பால்கனியும். அணாக் கணக்கில் இருந்த கட்டணம் 1957-ல் நயா பைசா வந்த பிறகு பைசாவுக்கு மாறியது. எந்தக் காலத்திலும் தரை டிக்கெட்தான் தியேட்டரைக் காப்பாற்றியது.

இதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அதை எடுத்துச் சொன்னார்: தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரு கலையைப் பார்த்த முதல் இடம் சினிமா கொட்டகை, அங்கே இடம் பிறப்பை வைத்துக் கிடைக்கவில்லை, கொடுத்த காசை வைத்துக் கிடைத்தது. கோயிலுக்குள் வரக்கூடாது, தெருவில் நடக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர் அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போகலாம். எல்லா ஊரிலும் உடனே அப்படி நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். காசு இருந்தும் சேருக்குப் போகத் தயங்கிய வயசாளிகளின் கதையைக் கிராமத்துப் பக்கம் கேட்கலாம். ஆனாலும் அந்தக் கதவு திறந்தது. ஒரு ஊரின் தியேட்டர் வரலாற்றை எழுதுகிறவர், எந்த வகுப்பில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்காமல் எழுதினால் பாதி வரலாறு விட்டுப்போகும்.

பெண்களுக்குத் தனி இடம் இருந்ததா?

இருந்தது. தரையில் நடுவே இடுப்பளவு தடுப்புச் சுவர், அல்லது தட்டி. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்களும் குழந்தைகளும். டிக்கெட் கவுண்டரும் தனி. இந்த ஏற்பாட்டினால்தான் பல வீடுகளில் பெண்களைப் படத்துக்கு அனுப்பவே சம்மதித்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து கும்பலாக மேட்னிக்குப் போய்வருவார்கள். வீட்டு ஆண்கள் துணை இல்லாமல் அவர்கள் போய்வந்த இடங்கள் அன்றைக்கு அதிகமில்லை.

ஆபரேட்டர் அறைக்குள் என்னதான் நடந்தது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள்.

சின்ன அறை. இரண்டு புரொஜெக்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வெஸ்ட்ரெக்ஸ், போட்டோபோன் போன்ற பெயர்கள் அவற்றின் உடம்பில் பொறித்திருக்கும். இப்போதைய பல்பு மாதிரி எதுவும் அதற்குள் கிடையாது. பென்சில் போன்ற இரண்டு கார்பன் குச்சிகள், செம்புப் பூச்சு பூசியவை, எதிரும் புதிருமாக இருக்கும். இரண்டையும் தொடவைத்து மெல்ல விலக்கினால் நடுவில் வெள்ளை நெருப்பு பிடிக்கும். அந்த வெளிச்சம்தான் குழியாடியில் பட்டு, சுருளைத் துளைத்துத் திரைக்குப் போகிறது. வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

குச்சி எரிய எரியக் குறையும். இடைவெளி கூடினால் திரையில் படம் மங்கும், இன்னும் கூடினால் அணைந்துவிடும். ஆகவே ஆபரேட்டர் திருகைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே ஜனங்கள் விசிலடித்து "டேய் ஆபரேட்டர்" என்று கத்துவது பெரும்பாலும் இந்தக் குச்சியால்தான்.

ஆயிரம் அடி சுருள் 11 நிமிஷம் ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் ஏறக்குறைய 16,000 அடி. ஒரு சுருள் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் சின்ன வட்டம் ஒன்று பளிச்சிட்டு மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது வட்டம் வரும். அந்தக் கணத்தில் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். சரியாகச் செய்தால் கீழே ஒருவருக்கும் தெரியாது. ஒரு ஆட்டத்துக்குப் பல தடவை, நாளுக்கு மூன்று நான்கு ஆட்டம், வருஷக்கணக்காக. அந்த அறையின் வெக்கை சொல்லி மாளாது. கார்பன் புகை போக மேலே ஒரு குழாய் இருக்கும், அவ்வளவுதான். ரசிகர்கள் நடிகருக்குக் கட்அவுட் வைத்தார்கள். ஆபரேட்டரின் பெயர் ஒரு நோட்டீஸில்கூட வந்ததில்லை.

பிறகு செனான் விளக்கு வந்து குச்சிக்கு விடுதலை கொடுத்தது. 2000-களின் நடுவில் தொடங்கிய டிஜிட்டல் மாற்றம் பத்து வருஷத்துக்குள் சுருளையே ஒழித்துவிட்டது.

தியேட்டர் தீ விபத்துகளைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்களே, அவ்வளவு ஆபத்தா?

1950-களின் தொடக்கம் வரை படச் சுருள் நைட்ரேட்டில் செய்யப்பட்டது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். புரொஜெக்டர் அறையைத் தடித்த சுவரோடு தனியாகக் கட்டியதும், துவாரங்களுக்கு இரும்புக் கதவு வைத்ததும் அதனால்தான். தீப்பிடிக்காத சுருள் வந்த பிறகும் கீற்றுக் கொட்டகைகளின் ஆபத்து தீரவில்லை. 1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு கொட்டகை எரிந்து ஏராளமானோர் மாண்டார்கள். பழைய தியேட்டர்களை நினைத்து உருகும்போது இதையும் நினைக்க வேண்டும்.

மதுரை தங்கம் தியேட்டர் நிஜமாகவே அவ்வளவு பெரியதா?

2,563 இருக்கைகள். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்தார்கள். இன்றைய மல்டிபிளக்ஸ் அரங்கு ஒன்றில் இருநூறு முந்நூறு பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொண்டால், அப்படி எட்டுப் பத்து அரங்கின் கூட்டம் ஒரே ஆட்டத்துக்கு உள்ளே போய் வெளியே வரும். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். ஆட்டம் விட்டதும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியே நிரம்பிவிடும்.

அதே மதுரையில் சிந்தாமணி தியேட்டரின் கதையும் அழகானது. 1937-ல் தியாகராஜ பாகவதர் நடித்து வந்த 'சிந்தாமணி' பெரிய லாபம் கொடுத்தது. அந்த லாபத்தில் ஒரு தியேட்டர் எழுப்பி அந்தப் படத்தின் பெயரையே வைத்தார்கள். தங்கம், சிந்தாமணி இரண்டுமே இன்று இல்லை. இரண்டு இடத்திலும் ஜவுளிக்கடைகள் வந்துவிட்டன.

ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டுவார்களாமே?

ஓட்டினார்கள். ஒரு தியேட்டரில் ஆட்டம் தொடங்கி, முதல் சுருள்கள் ஓடி முடிந்ததும் பெட்டியில் போட்டு சைக்கிளில் ஒரு பையன் அடுத்த தியேட்டருக்குக் கொண்டுபோவான். அங்கே அரை மணி நேரம் தள்ளி ஆட்டம். பையனின் சைக்கிள் பஞ்சர் ஆனால் அங்கே இடைவேளை நீளும்.

அப்புறம் ஏன் எல்லாம் மூடின? டிவிதான் காரணமா?

டிவி ஒரு காரணம். 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது, எண்பதுகளில் வீடியோ கேசட், தொண்ணூறுகளில் கேபிளும் சன் டிவியும். ஆனால் இதையே முழுக் காரணமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சிறு நகரத்துத் தியேட்டர் காத்திருப்பில் பிழைத்தது. அந்தக் காத்திருப்பு போனதுதான் பெரிய அடி.

வியாபாரம் அப்போது எப்படி நடந்தது என்று பாருங்கள். தமிழ்நாட்டை ஏரியாக்களாகப் பிரித்து விற்பார்கள்: சென்னை, வட ஆர்க்காடு-தென் ஆர்க்காடு-செங்கல்பட்டு சேர்ந்த என்.எஸ்.சி., கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம் சேர்ந்த எம்.ஆர்., திருச்சி-தஞ்சாவூர் சேர்ந்த டி.டி., நெல்லை-கன்னியாகுமரி சேர்ந்த டி.கே. ஒவ்வொரு ஏரியாவுக்கும் சில பிரிண்ட்கள்தான். அவை முதலில் பெரிய நகரங்களான ஏ சென்டரில் ஓடும், பல வாரம் கழித்து அடுத்த நிலை ஊர்களான பி சென்டருக்கு வரும், கடைசியில் கீறல் விழுந்து சின்ன ஊர்களான சி சென்டருக்குப் போகும். பெரிய ஊரில் நூறு நாள் ஓடிய படம், வெள்ளி விழாவாக 25 வாரம் ஓடிய படம் என்ற பேச்சே கீழே இருந்த தியேட்டருக்கு விளம்பரம். ஜனங்கள் ஆவலோடு காத்திருந்தார்கள்.

டிஜிட்டலில் பிரிண்ட் செலவு இல்லை. எல்லா ஊரிலும் முதல் நாளே படம். முதல் மூன்று நாளில் வசூல் முடிந்துவிடுகிறது. ஆயிரம் இருக்கை உள்ள பழைய தியேட்டர் அதற்குப் பிறகு வாரம் முழுக்க ஐம்பது பேருக்கு விளக்கு போட வேண்டியிருக்கிறது. அதோடு கேளிக்கை வரியின் சுமை, பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை, 2020 மார்ச்சில் கொரோனாவால் வந்த பூட்டு. எத்தனையைத் தாங்கும்?

இடித்த இடத்தில் ஏன் ஜவுளிக்கடையும் கல்யாண மண்டபமும் வருகின்றன?

பஸ் ஸ்டாண்டுக்கோ கடைவீதிக்கோ பக்கத்தில், முன்னால் காலியிடத்தோடு, ஒரே பட்டாவில் அவ்வளவு பெரிய மனை ஊருக்குள் வேறு கிடைக்காது.

எங்கள் ஊர் தியேட்டரின் வரலாற்றை எழுத ஆசை. எங்கே தேடுவது?

முதலில் மனிதர்கள். முதலாளி குடும்பத்தைத் தேடிப் போவதற்கு முன் ஆபரேட்டர், கவுண்டரில் இருந்தவர், போஸ்டர் ஒட்டியவர், சைக்கிள் ஸ்டாண்ட் போட்டவர், இடைவேளையில் முறுக்கும் சோடாவும் விற்றவர் ஆகியோரைப் பாருங்கள். "உங்களுக்குப் பிடித்த படம் எது" என்று தொடங்கினால் நடிகரைப் பற்றியே பேச்சு போய்விடும். "கவுண்டர் எந்தப் பக்கம் இருந்தது, க்யூ எப்படி வளையும்" என்று கேளுங்கள். குறுகலான சுவர்களுக்கு நடுவே வியர்த்து நின்றது, ஒரு கை மட்டும் நுழையும் ஓட்டைக்குள் காசைத் திணித்தது, வெளியே எடுப்பதற்குள் கை சிராய்த்தது என்று வரிசையாக வரும். அவர்களை வைத்தே தரையில் சாக்பீஸால் தியேட்டரின் படம் போடச் சொல்லி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் தேட வேண்டியது டி.சி.ஆர். என்று சொல்லும் தினசரி வசூல் அறிக்கை. விநியோகஸ்தரின் ஆளான 'ரெப்' தினமும் சரிபார்க்கும் கணக்கு அது. எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட், என்ன விலை, வரி எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். பழைய ஆட்களின் வீட்டுப் பரணில் கட்டுக் கட்டாகக் கிடக்கலாம். எடைக்குப் போடும் முன் கேட்டு வாங்குங்கள். பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டை, தட்டி வண்டியில் கொடுத்த நோட்டீஸ், டிக்கெட் அடிக்கட்டை, பத்திரிகையின் தீபாவளி விளம்பரப் பக்கம் எல்லாமே பயன்படும். நோட்டீஸில் வருஷம் போட்டிருக்காது, தேதியும் கிழமையும் மட்டும் இருக்கும். அந்த இரண்டையும் வைத்துப் பழைய காலண்டரில் எந்தெந்த வருஷமாக இருக்கலாம் என்று சுருக்கிவிடலாம். லைசென்ஸ் கோப்பு கலெக்டர் அலுவலகத்தில் இருந்தால் கட்டடத்தின் வரைபடமே கிடைக்கும்.

இரண்டு பேர் இரண்டு வருஷம் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். நமக்குப் பிடித்ததை உண்மையாக்கிவிட வேண்டாம்.

மூடிய தியேட்டரில் பழைய சுருளும் புரொஜெக்டரும் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் சுருள் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை மற்ற சுருள்களிலிருந்து உடனே பிரித்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். 1950-களின் தொடக்கத்தையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்த நைட்ரேட் சுருளாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் ஆகாது. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். புரொஜெக்டரை இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன், அதன் பெயர்த் தகட்டையும் எண்ணையும் போட்டோ எடுத்து, அதை ஓட்டியவரை ஒரு தடவை அழைத்துவந்து காட்டுங்கள். எந்தத் திருகு எதற்கு என்று அவர் சொல்லச் சொல்ல வீடியோவில் பதிவு செய்துவிடுங்கள்.